ஒத்திகை பார்க்காத ராத்திரிகள்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் டீக்கடைச் சுவரிலும் பஸ் ஸ்டாப் தூணிலும் ஒரு நோட்டீஸ் ஏறும். உச்சியில் அம்மன் படம், அதற்குக் கீழே விழாக் கமிட்டியார் பெயர்கள், நடுவில் கொட்டை எழுத்தில் ‘வள்ளி திருமணம்’. சுற்றிலும் வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் முகங்கள்: ராஜபார்ட் எனும் நாயகன், ஸ்திரீபார்ட் எனும் நாயகி, நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஒருவர் மதுரை, ஒருவர் புதுக்கோட்டை, இன்னொருவர் திண்டுக்கல், மற்றொருவர் காரைக்குடி. ‘இரவு சரியாக 10 மணி அளவில்’ என்று அடியில் போட்டிருக்கும்.

இந்த முகங்களில் சில அன்றைய இரவு மேடைக்குப் பின்னால்தான் முதன்முதலாக ஒன்றையொன்று பார்க்கும். ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. சம்பளம் கொடுத்து எல்லோரையும் கட்டிக்காக்கும் கம்பெனி முதலாளியும் கிடையாது. ஆனாலும் திரை விலகினால் விடியும்வரை பாட்டும் பேச்சும் தடைபடாது. ஸ்பெஷல் நாடகம் என்று மக்கள் அழைக்கும் இந்த இசை நாடகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் நடக்கிறது. அதன் தலைமை ஊர் மதுரை.

ராத்திரிக்குப் பேர்போன ஊர் அது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியே பகல் கடையை நாளங்காடி என்றும் இரவுக் கடையை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்கிறது. இரவின் ஒவ்வொரு யாமத்திலும் ஊரில் யார் விழித்திருந்தார்கள், கள்வர் எப்படிப் பதுங்கினார்கள், காவலர் எப்படிச் சுற்றினார்கள் என்பதுவரை அதில் வருகிறது. ‘தூங்கா நகரம்’ என்று மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்குச் சங்க காலச் சாட்சி கைவசம் இருக்கிறது. ஆனால் நாடக ராத்திரிகளின் கதை அவ்வளவு பழையதில்லை. அது ரயிலோடு வந்தது.

1875-76இல் தென்னிந்திய ரயில்வே மதுரையைத் தொட்டுத் தூத்துக்குடிவரை போனது. படுதா, உடை, ஆர்மோனியம், நாற்பது ஐம்பது ஆட்கள் என மூட்டை முடிச்சோடு ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போடும் நாடகக் கம்பெனிகளுக்கு அந்தத் தண்டவாளம்தான் ராஜபாட்டை. வடக்கிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் வழுக்கிக்கொண்டு போகும் மெட்டுகளையும், வீதி, காடு, தர்பார் என்று தீட்டிய படுதாக்களையும், ஆர்மோனியப் பெட்டியையும் தமிழ் மேடைக்குப் பழக்கின. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நடத்திய நாடகங்களுக்காக ரயில்வே தனி வண்டியே விட்டதாகச் சொல்வார்கள். தெருக்கூத்துக்கும் சபாக் கச்சேரிக்கும் நடுவில், டிக்கெட் வாங்கிக்கொண்டு இரவு முழுக்கப் பாட்டுக் கேட்கும் ஒரு புதுப் பழக்கம் இப்படித்தான் வேர்பிடித்தது.

அந்தப் பழக்கத்துக்குப் பாடமும் பாட்டும் எழுதிக்கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். யமன், இரணியன், இராவணன் போன்ற முரட்டு வேடங்களில் பெயர் வாங்கினார். அவருடைய பயங்கர வேடம் ஒன்றைப் பார்த்து மிரண்ட ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது, அந்த வருத்தத்தில்தான் வேடம் கட்டுவதையே விட்டார் என்பது நாடக உலகில் வழிவழியாக வரும் கதை. நடிப்பை விட்டவர் ஆசிரியரானார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அரிச்சந்திரா, சதி சுலோசனா, லலிதாங்கி என்று நாற்பதுக்கும் மேல் எழுதினார். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில், பாட்டும் வசனமுமாக முழுசாக எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார்.

சுவாமிகளுக்கு ஒரு தீராத எரிச்சல் இருந்தது. பெரிய நடிகர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேச மாட்டார்கள். வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். கதைக்குச் சம்பந்தமில்லாத கீர்த்தனையை நடுவில் செருகுவார்கள். சபையோர் கைதட்டினால் அதையே மறுபடி பாடுவார்கள். எதிரில் நிற்பவரைக் கேள்வி கேட்டு மடக்கி அவமானப்படுத்துவார்கள். இவர்களைத் திருத்த முடியாது என்று முடிவுகட்டி, சொன்னதைச் சொன்னபடி செய்யும் சிறுவர்களைத் தேடினார். 1918இல் மதுரையில் தொடங்கிய ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’ அந்த முடிவின் பலன். சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். விடிகாலையில் எழுப்பிப் பாடம், பிறகு பாட்டு, பிறகு ஒத்திகை. ஓர் எழுத்துப் பிசகினாலும் சுவாமிகளின் கோபத்துக்கு ஆளாக வேண்டும்.

மதுரை அதற்குப் பிறகு பாய்ஸ் கம்பெனிகளின் ஊராகவே ஆனது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தவர்களில் எம்.ஜி. ராமச்சந்திரனும் ஒருவர். சுவாமிகள் அதையெல்லாம் முழுதாகப் பார்க்கவில்லை. பக்கவாதம் வந்து கைகால் முடங்கிய பின்னும் கம்பெனியோடு அலைந்து, 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

விதியின் குறும்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. சுவாமிகள் நம்பி வளர்த்த கம்பெனி முறை அடுத்த முப்பது ஆண்டுகளில் கிட்டத்தட்ட அற்றுப்போனது. அவர் யாரைக் கண்டு முகம் சுளித்தாரோ, அந்த வாய்க்கு வந்ததைப் பாடுகிற, ஒத்திகைக்கு வராத, தனிக்காட்டு ராஜாக்களான ஸ்பெஷல் நடிகர்கள்தான் அவருடைய பாட்டுகளை இன்றுவரை ராத்திரி ராத்திரியாகச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் குருபூஜை எடுப்பதும் அவர்களே. மதுரை தமுக்கத்தில் நிற்கும் அவர் சிலைக்கு மாலை போடுவதும் அவர்களே.

ஸ்பெஷல் நாடகத்தின் கணக்கு எளிமையானது. கம்பெனி என்றால் மழைக்காலத்திலும் ஐம்பது பேருக்குச் சோறு போட வேண்டும். ஸ்பெஷலில் அந்தப் பாரம் யாருக்கும் இல்லை. நடிகர் ஒவ்வொருவரும் தனி ஆள். தேதி கேட்பவருக்குத் தேதி கொடுப்பார், அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார். ஊர்க்காரர்கள் ஒரு நாடக அமைப்பாளரிடம் ‘இந்த ராஜபார்ட்டுக்கு அந்த ஸ்திரீபார்ட்டைப் போடுங்க’ என்பார்கள். சீன் வாடகைக்கு வருகிறது, மைக் செட்டு வாடகைக்கு வருகிறது, விளக்கு வாடகைக்கு வருகிறது. நடிகர் தன் உடைப்பெட்டியையும் அரிதாரத்தையும் தானே கொண்டுவருவார். எல்லோருக்கும் பொதுவான ஒரே முதல் சுவாமிகள் எழுதிவைத்த பாடம். அது எல்லோருக்கும் நெட்டுரு என்பதால்தான் முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒரே ராத்திரியில் ஒரு நாடகத்தைக் கட்டி எழுப்ப முடிகிறது.

பாடம் ஒன்றுதான், ஆனால் அன்றைக்கு எதைப் பாடுவார்கள், எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில்தான் ஆர்மோனியக்காரரின் தொழில் நுட்பம் தெரியும். பாடகர் பெரும்பாலும் படுதாவுக்கு உள்ளே நின்றே விருத்தத்தை எடுப்பார். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். அந்தக் குரலின் முதல் இழுப்பில் அவர் எந்தச் சுருதிக் கட்டையில் நிற்கிறார், எந்த ராகம், விருத்தம் முடிந்து எந்தப் பாட்டில் இறங்கப்போகிறார் என்பதை ஆர்மோனியக்காரரின் விரல் கண்டுபிடித்தாக வேண்டும். பெடலை மிதித்துக்கொண்டு, இடது கண்ணால் மிருதங்கத்துக்குத் தாளத்தைக் காட்டி, தேவைப்பட்டால் பின்பாட்டும் பாடி, பபூன் தன்னை வம்புக்கு இழுத்தால் அதற்குச் சுடச்சுடப் பதிலும் சொல்ல வேண்டும். நாடகம் தொடங்குமுன் முதல் பாட்டைப் பாடிச் சபையை உட்கார வைப்பதும் அவர் வேலைதான். அந்தப் பக்கம் ஆல்ரவுண்ட்காரர் தாளக்கருவிகளைக் கடைபோல் பரப்பிவைத்துக்கொண்டு, அடி விழுந்தால் ஒரு சத்தம், கண்ணடித்தால் ஒரு சத்தம் என்று இட்டுநிரப்புவார்.

இதே ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. நம் சங்கீதத்தின் கமகத்தைப் பிடிக்க வக்கில்லாத அந்நியப் பெட்டி என்பது வாதம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடை தளராமல் இருந்தது. மதுரை வட்டாரத்தில் அந்தத் தடையை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நோட்டீஸில் ஆர்மோனியச் சக்ரவர்த்திகள் பெருகிக்கொண்டே போனார்கள்.

ராத்திரி நகர்வதற்கு ஒரு முறை உண்டு. பத்து மணிக்கு மேல் பபூன் வருவார். பாட்டு, உள்ளூர்க் கிண்டல், பிறகு டான்ஸ் நடிகையோடு கேலிப்பேச்சு. சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வருகிறவர்கள் இடம்பிடிக்கும் நேரம் அது. பன்னிரண்டு மணிக்கு முன்னோ பின்னோ கதை தொடங்கும். வள்ளி தினைப்புனம் காக்க வருவாள், ஆலோலம் பாடுவாள். நாரதர் வருவார். இருவருக்கும் தர்க்கம் மூளும். பெண் உயர்ந்தவளா ஆண் உயர்ந்தவனா, இல்லறமா துறவறமா என்று தொடங்கி எங்கெங்கோ போகும். வசனத்தில் கேட்ட கேள்விக்கு எதிராளி பாட்டில் பதில் சொல்ல வேண்டும். நல்ல ஜோடி வாய்த்துவிட்டால் அதுவே ஒன்றரை மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகுதான் வேலனாக முருகன் வருவார். வேடனாக, விருத்தனாக உருமாறிக் கல்யாணத்தில் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

நடுநடுவே மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பும் உண்டு. இன்னாருடைய மகன் இன்னார், ராஜபார்ட்டின் பாட்டைப் பாராட்டி ஐம்பது ரூபாய் என்றால், சுடுகாட்டில் நிற்கும் அரிச்சந்திரனும் கும்பிட்டுவிட்டுத்தான் அழுகையைத் தொடர வேண்டும்.

ஏன் விடியவிடிய? சாமிக்கு விடிய விடியத்தான் விழா என்பது ஒரு பதில். இன்னொரு பதில் நடைமுறை சார்ந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து நடந்தும் வண்டி கட்டியும் வந்த சனம் நடுராத்திரி இரண்டு மணிக்கு எங்கே போகும்? முதல் பஸ்ஸுக்கு விடிய வேண்டும்.

மைக் வருவதற்கு முந்தைய தலைமுறைக்குத் தொண்டைதான் மைக். காஸ் விளக்கு வெளிச்சத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் வெளியே மரத்தடியில் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும் என்பதால் ஐந்து கட்டைக்குக் கீழே பாடுகிறவரை ராஜபார்ட் என்று யாரும் மதிக்கவில்லை. அந்த உயரத்தில் கொடிகட்டிப் பறந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் உட்கார, தம்பி மேல் ஸ்தாயியில் நின்று விளையாடுவார். கதையில் எந்தக் கட்டமானாலும் ரசிகர் கேட்டால் தியாகராஜ கீர்த்தனை பாடுவார். ‘ஒன்ஸ்மோர்’ என்ற கூச்சல் நாடகத்தின் நீளத்தை நிர்ணயித்த காலம் அது. சுவாமிகளுக்கு இருந்த எரிச்சலின் முழு உருவம் கிட்டப்பா என்றாலும், அந்தக் குரலுக்காக அவரும் மன்னித்திருப்பார்.

கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் 1926இல் கொழும்பில் நடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஜோடியாகக் கிட்டப்பாவை அங்கே வரவழைத்தார்கள். அந்தப் பெண்ணின் குரலுக்கு ஈடுகொடுக்க முடியாது, போகாதே என்று கிட்டப்பாவைச் சிலர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். போனார். வள்ளியும் வேலனும் மேடையில் ஒருவரையொருவர் விஞ்சிப் பாடியதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. மேடைப் போட்டி காதலாகி, 1927இல் கல்யாணம் ஆனது. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. வெள்ளைச் சேலைக்கு மாறியவர், பிறகு எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று ஒதுங்கினார். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அன்றைக்கு நம்ப முடியாத தொகை. அதிலும் நந்தனாராகவே, ஆண் வேடத்தில்தான் நடித்தார்.

இந்த நட்சத்திரக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. மதுரைப் பக்கத்து மேடையில் அதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்று அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் முருகன் வேடத்துக்குப் பெயர்போனவர். மருத்துவர் சமூகத்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. அவர் மேடை ஏறினால் போலீஸ் முன்வரிசையில் உட்காரும். காரணம், தினைப்புனக் காட்சி. தினையைத் தின்னவரும் பறவைகளை வள்ளி ஓட்டும் இடத்தில் பாட வேண்டிய பாட்டுக்குப் பதிலாக, வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டொன்று மேடைகளில் புகுந்தது. கொக்கு யார் என்று சபைக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் இருக்கும் அதிகாரிக்கும் தெரியும்; ஆனால் 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வள்ளி கொக்கு ஓட்டுவது ராஜத்துரோகம் என்று நிரூபிப்பது கொஞ்சம் சங்கடமான வேலை.

அந்தப் பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். நாகலாபுரத்தில் 1892இல் வெள்ளைச்சாமியாகப் பிறந்து மதுரையில் பாஸ்கரதாஸாக ஆனவர். நடிகர்கள் தேடிவந்து ‘இந்த மெட்டுக்கு ஒண்ணு எழுதிக்கொடுங்க’ என்றால் உட்கார்ந்த இடத்தில் எழுதிக்கொடுப்பார். ஜாலியன்வாலாபாக் பற்றியும் எழுதினார், காந்தியைப் பற்றியும் எழுதினார். பாட்டு மேடையில் ஒலித்த சூட்டில் காலணாப் பாட்டுப் புத்தகமாகச் சந்தையில் விற்கும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எந்தப் பழைய பாட்டின் வர்ணமெட்டில் பாட வேண்டும் என்று குறிப்பு இருக்கும். ஒத்திகையில்லாத மேடைக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! மெட்டு எல்லாருக்கும் தெரிந்தது. வரி மட்டும் புதிது. முந்தின நாள் எழுதிய பாட்டை மறுநாள் ராத்திரி வேறு ஊரில் வேறொருவர் பாடலாம். எழுதிய பிரதியைப் படித்துத்தான் அனுமதி கொடுக்கும் சர்க்காருக்கு, பிரதியே இல்லாத நாடகத்தைத் தணிக்கை செய்வது எப்படி என்று கடைசிவரை பிடிபடவில்லை. பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் இன்று நூலாகக் கிடைக்கின்றன. அந்தக் கால நடிகர்கள், பயணங்கள், வரவு செலவு என்று நாடக உலகின் அன்றாடம் அதில் வரிவரியாக இருக்கிறது.

விஸ்வநாததாஸ் 29 முறை சிறை சென்றார் என்பது மரபாகச் சொல்லிவரும் கணக்கு. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அரிதாரத்தோடுதான் உயிர் போனது.

அதற்குள் தமிழில் பேசும்படம் வந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர். அதன் பாட்டுகளில் பாஸ்கரதாஸ் எழுதியவை உண்டு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று மேடையில் ஓடியவை எல்லாம் வரிசையாகப் படமாயின. மேடையில் விஸ்தாரமாகப் பாடியவர்களைப் படத்தில் மூன்று நிமிடத்துக்குள் அடைக்க முடியாமல் பாட்டு எண்ணிக்கையைக் கூட்டினார்கள். மதுரைக்காரர்கள் எடுத்த ‘சிந்தாமணி’ (1937) கொட்டிய பணத்தில் அதே பெயரில் ஒரு தியேட்டரே ஊருக்குள் எழுந்தது. சோழவந்தான் தென்கரையில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் 1945இல் ‘ஸ்ரீ வள்ளி’யில் முருகனாகப் பாடியபோது, கிட்டப்பாவின் பாணி தியேட்டர் தியேட்டராக உயிர்பெற்றது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனை பேரையும் ஒரே ஆட்டத்தில் விழுங்கும் கொட்டகைக்கு முன்னால் நாடகக் கம்பெனி எப்படி நிற்கும்? நடிகர்களை ஸ்டூடியோ வாங்கிக்கொண்டது. கொட்டகைகளைப் படம் வாங்கிக்கொண்டது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுதாவைச் சுருட்டின.

ஸ்பெஷல் நாடகம் தப்பியது. சாமர்த்தியத்தால் என்று சொல்வதைவிட, அதனிடம் இழப்பதற்கு எதுவும் இல்லாததால் என்பது பொருந்தும். கொட்டகை வாடகை இல்லை, மாதச் சம்பளம் இல்லை, டிக்கெட்டும் இல்லை. நகரத்து டிக்கெட் கூட்டத்தை சினிமாவிடம் விட்டுவிட்டு, கிராமத்துக் கோயில் திடலுக்கு அது இடம்பெயர்ந்தது. அங்கே செலவு ஊர்வரியில் அடங்கும்; சாமிக்கு வைக்கும் நாடகத்தை நஷ்டம் என்று யாரும் நிறுத்துவதில்லை. நடிகர்கள் குடியிருப்பதும், தேதி முடிவதும், நோட்டீஸ் அச்சாவதும் மதுரையில். பாட்டு ஒலிப்பது அலங்காநல்லூரிலோ மேலூரிலோ. மாலை ஐந்து மணிக்கு மதுரையை விட்டுக் கிளம்பும் கலைஞர்கள் மறுநாள் காலை கண்ணில் மையின் மிச்சத்தோடு திரும்பி வருவார்கள். ஊருக்குப் பொழுது விடியும்போது இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள்.

அந்தத் திரும்பி வரும் பயணம் பெண்களுக்கு வேறு மாதிரி. 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகத்தை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளியிட்ட நூலில் இதை நுணுக்கமாகக் காட்டுகிறார். ஆயிரம் பேருக்கு முன்னால் ஆண் நடிகரோடு வாதாடும் ஸ்திரீபார்ட், வழியில் வண்டி நின்றால் டீக்கடைக்கு இறங்க மாட்டார். ஆண்கள் பெஞ்சில் சாய்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பெண்களுக்கு டீ வண்டிக்குள் வரும். தெருவில் நடக்கும்போது தன்னை நாடகக்காரி என்று யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு கவனம். ‘கூத்தாடி’ என்ற ஏச்சு ஆண்களுக்கும் உண்டு. பெண்களுக்கு அதோடு ராத்திரி என்ற சொல்லும் சேர்ந்துகொள்ளும். தமிழ் நாகரிகத்தின் பெருமை என்று மேடையில் பாராட்டும் அதே கமிட்டிக்காரர், தன் வீட்டுத் தெருவில் நடிகைக்கு வாடகை வீடு கிடைப்பதை எதிர்ப்பதும் நடக்கக்கூடியதுதான்.

இந்த அவமரியாதைக்கு மாற்றாகத்தான் சங்கம் வந்தது என்று தோன்றுகிறது. 1920களிலேயே மதுரையில் நாடக நடிகர்கள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள்; இன்றும் சுண்ணாம்புக்காரத் தெரு என்றால் நாடகக்காரர்களுக்கு அந்தச் சங்கம்தான் நினைவுக்கு வரும். புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி முதலிய ஊர்களிலும் பின்னால் சங்கங்கள் எழுந்தன. அட்வான்ஸ் வாங்கிவிட்டு வராமல் போனவர் மீது பஞ்சாயத்து, வயதானவருக்கு உதவி, செத்தால் மாலை, சுவாமிகளுக்குக் குருபூஜை. முதலாளியே இல்லாத ஒரு தொழிலில் ஒழுங்கைக் காப்பாற்றும் வேலையைச் சங்கம் செய்தது. இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் பலபட்டறைச் சாதியினரும் ஒரே உறுப்பினர் பட்டியலில் இருப்பார்கள். ஆர்மோனிய வித்வான் காதர் பாட்சா இல்லாமல் அந்தக் காலத்து முருகன் பாட்டு இல்லை. ‘ஞானசௌந்தரி’ என்ற கிறிஸ்தவக் கதையும் அதே படுதாக்களின் முன்னால்தான் ஆடப்பட்டது.

தமிழ்நாட்டுக் குழுக்கள் கப்பலேறிப் போய்ப் போட்ட விதை இலங்கையிலும் முளைத்தது. யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வசந்தகான சபாவின் வி.வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான முறை மேடையேற்றினார். அந்தச் சுடுகாட்டுக் காட்சிக்காகவே வடமராட்சியிலிருந்து வலிகாமத்துக்கு ராத்திரி சைக்கிள் மிதித்தவர்கள் உண்டு. அங்கே இசை நாடகம் தனக்கென்று ஒரு குணத்தோடு வளர்ந்தது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மதுரைப் பக்கம் போட்டி வேறு உருவங்களில் வந்தது. எழுபதுகளிலிருந்து மெல்லிசைக் குழுக்கள் டிரம்ஸும் கீபோர்டுமாகத் திருவிழாப் பந்தல்களைப் பிடித்தன. இளையராஜா பாட்டை அச்சு அசலாக வாசிக்கும் குழுவுக்கு இளவட்டங்களின் ஓட்டு. பிறகு ரெகார்ட் டான்ஸ், அதன் பிறகு ஆடல்பாடல். அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போகும் வழக்குகள் திருவிழாப் பருவத்தின் இன்னொரு சடங்காகிவிட்டன. பெரியவர்களுக்கு ஒரு ராத்திரி நாடகம், இளைஞர்களுக்கு ஒரு ராத்திரி ஆடல்பாடல் என்று பல ஊர்கள் சமாதானம் செய்துகொண்டன. ஸ்பெஷல் நாடகமும் சும்மா இருக்கவில்லை. பபூனும் டான்ஸும் சினிமாப் பாட்டை அள்ளிக்கொண்டார்கள். பபூன் காமெடி நீண்டு நீண்டு சில ஊர்களில் வள்ளி மேடைக்கு வர ஒரு மணி ஆகிவிடுகிறது. பழைய ரசிகர்கள் இதைச் சொல்லி நொந்துகொள்வார்கள். சுவாமிகள் காலத்துக் குறையும் இதேதான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினால் கோபம் வரும்.

பெரிய இக்கட்டு வேறு திசையிலிருந்து வந்தது. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. நாடகம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எதுவோ, விதி தடுக்கும் நேரமும் அதுவே. பண்டிகைக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை தளர்த்த மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அந்தத் தளர்வைப் பிடித்துக்கொண்டாலும் பபூன் காமெடிதான் முடியும்; நாரதர் மேடைக்கு வரமாட்டார். எழுத்துப்படி நடத்தினால் ஒரு நாடகமும் நடக்காது. நடைமுறையில் உள்ளூர் காவல் நிலையம், கமிட்டி, ஊர்ப் பெரியவர்கள் என்று மூன்று தரப்பும் ஒவ்வோர் ஆண்டும் பேசி முடிப்பதைப் பொறுத்தே ராத்திரியின் நீளம் அமைகிறது.

2020 மார்ச் 24 நள்ளிரவு ஊரடங்கு வந்தது. பங்குனித் திருவிழாக்களுக்குக் காப்புக் கட்டும் நேரம். கலைஞர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி பங்குனி முதல் ஆவணிக்குள் வந்தால்தான் உண்டு. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்ட ஊர்களும் இருந்தன. அடுத்த ஆண்டுச் சித்திரையும் அதேபோல் போனது. கையில் ஆர்மோனியம் மட்டும் இருந்தவர்கள் செல்போன் முன்னால் உட்கார்ந்து வாசித்து யூடியூபில் போட ஆரம்பித்தார்கள். திருவிழாக்கள் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. இப்போது மேடைக்கு எதிரே ஒரு கேமராவை நட்டு, பபூன் வருகையிலிருந்து மாலை மாற்றுவதுவரை வெட்டாமல் ஏற்றிவிடுகிறார்கள். ஆறு மணி நேர வள்ளி திருமணத்தை வீட்டில் படுத்துக்கொண்டே பார்க்கும் ரசிகர், தர்க்கம் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று தேடி நேராக அங்கே போகிறார். தேதி பேச வரும் கமிட்டிக்காரர்களும் நோட்டீஸில் உள்ள போட்டோவைப் பார்த்து முடிவு செய்வதில்லை. போன வாரம் இன்ன ஊரில் இந்த நாரதர் பாடியதைப் பார்த்தோம், அவரையே போடுங்கள் என்கிறார்கள்.